கலியன் குடித்திருந்தால்

ஆபீஸுக்கு வீட்டிலிருந்து ஃபோன் வந்தால் சூப்பர்வைசர் ராஜவேல் சாரின் மேசைக்கு முன்னால் நின்றுதான் பேச வேண்டும். ரிசீவரைக் காதில் வைப்பதற்கு முன்பே அம்மாவின் குரல் மேசை முழுக்கச் சிதறியது. அம்மா திரௌபதிக்கு ஃபோனில் மெதுவாகப் பேச வராது. மரக்காணத்திலிருந்து பாண்டிச்சேரி வரைக்கும் தன் தொண்டைதான் கம்பி என்று நினைத்துக்கொண்டு கத்துவாள்.

"உங்கப்பன் லட்சணத்த கேளுடி. காத்தாலயே ஏத்திக்கினு வந்துட்டான். நட்டநடு உப்பளத்துல, அத்தினி பேரு பாக்க, காலு பின்னி வுழறான். உப்பு வார்ற பலகையப் புடிச்சா கையில நிக்கல. வாயில எச்சி ஒழுவுது. ஒரு வார்த்தை தெளிவா வரல. மானம் போச்சு."

இலக்கியா ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள். ராஜவேல் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். காது மட்டும் இங்கே இருந்தது. பக்கத்து இருக்கை ரேணுகா ஹெட்ஃபோனில் ஒரு பக்கத்தை மெதுவாகத் தள்ளிவைத்தாள். அப்பன் குடிகாரன் என்பது இந்த ஏசி அறைக்குள் இதுவரை வராத சேதி. இரண்டு வருஷமாக அது உண்மையாகவும் இல்லை. கலியன் திரௌபதி அம்மன் கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு குடியை விட்டவர். வீட்டுத் திரௌபதிக்குப் பயப்படாதவன் கோயில் திரௌபதிக்குப் பயந்துட்டான்யா என்று உப்பளத்தில் சிரித்தார்கள். அவரும் கூடச் சிரித்தார்.

மீதியை அம்மா மூச்சுவிடாமல் கொட்டினாள். மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வருகிறது. வாரிக் குவித்த உப்பு அம்பாரமெல்லாம் இன்னும் மூடவில்லை. எல்லோரும் ஓலையைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது இந்த ஆள் ஒற்றைக் கையில் ஓலையை இழுத்துக்கொண்டு தள்ளாடினாராம். பார்த்தவர்கள் கைதட்டிச் சிரித்திருக்கிறார்கள். மேஸ்திரி குழந்தைசாமி இரண்டு ஆளை விட்டுத் தூக்கச்சொல்லி, ரோட்டோரம் பாய் கடைக்குப் பக்கத்தில் புளியமரத்தடியில் போட்டுவிட்டார். அம்மா ஃபோன் பண்ண வந்தவள், திரும்பி உப்பளத்துக்கு ஓட வேண்டும். மழை முந்திக்கொண்டால் குவித்ததெல்லாம் தண்ணீராக ஓடிவிடும். தன் அம்பாரத்தை மூடாமல் எந்தப் புருஷன் பெண்டாட்டி ஜோடி போனதோ அதற்கு அடுத்த நாள் வேலை கிடையாது.

"கெடக்கட்டும்மா," என்றாள் இலக்கியா, உதடு அசையாமல். "தெளிஞ்சா எழுந்து வருவாரு. நீ போய் வேலயப் பாரு."

வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். கோபத்தில் காது மடல் சுட்டது. உப்பளத் தெருவில் டிகிரி முடித்த முதல் ஆள் அவள். அதற்குக் கலியன் பட்ட பாடு கொஞ்சமில்லை என்று ஊரே சொல்லும். சரி, பட்டார். பட்டதற்கெல்லாம் சேர்த்து இன்றைக்கு நடு உப்பளத்தில் விழுந்து வாரிவிட்டார். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, மேசைக்கு அடியிலிருந்த பெடலைக் காலால் அழுத்தினாள்.

அவள் வேலை அதுதான். அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு வாயால் சொல்லிப் பதிவு செய்வார்கள். அவர்கள் தூங்கும் நேரத்தில், ஜவுளிக்கடை மாடியிலிருந்த இந்த அறையில் இருபது பிள்ளைகள் அதைக் காதில் வாங்கி டைப் அடிப்பார்கள். காலால் பெடலை முன்னே அழுத்தினால் குரல் ஓடும். பின்னே அழுத்தினால் சொன்னதையே திரும்பச் சொல்லும். கேட்டது புரியாவிட்டால் எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பக் கேட்கலாம். முதலில் காதில் விழுவது ஒன்று, திரும்பக் கேட்கும்போது இருப்பது இன்னொன்று என்பது வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே படிந்துவிட்ட பாடம்.

ஓடிக்கொண்டிருந்தது இருமல் டாக்டரின் ஃபைல். பெயர் தெரியாது, வரிக்கு வரி இருமுவதால் ரேணுகா வைத்த பட்டம். வயசான குரல். சொல்லை விழுங்காமல், எதிரில் உட்கார்ந்திருக்கிறவளுக்குச் சொல்வதுபோலச் சொல்வார். அதனாலேயே அவர் ஃபைலுக்கு இங்கே அடிபிடி. வழக்கமாக 'முடிந்தது, நன்றி' என்று நிறுத்திவிடுவார். இன்றைக்கு நிறுத்தவில்லை. நோயாளியின் கதை முடிந்த பிறகும் பேசிக்கொண்டே போனார்.

இதை டைப் அடிக்கிற பெண்ணே, நீ யாரென்று எனக்குத் தெரியாது, என்றார். ஜூலை நாலாம் தேதி, நம் சுதந்திர நாளில், நானும் வேலை பார்க்கிறேன், நீயும் பார்க்கிறாய். எங்கேயோ ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டிருந்தார் போல. என் அப்பா கப்பலில் வந்தவர், என்றார். அவர் பிறந்த ஊரில் ஒரு கிராமத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமென்றால் ஒருவன் முன்னால் தொப்பியைக் கழற்றி நின்று அனுமதி கேட்க வேண்டும். இந்த மண்ணில் இறங்கிய பிறகு சாகும்வரை அவர் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, நானும் கேட்டதில்லை. கதவைத் திறந்தால் ரோடு. குழாயைத் திருகினால் குடிக்கிற தண்ணீர். இதையெல்லாம் ஒரு காலத்தில் நான் கவனித்ததே இல்லை. போன குளிர்காலத்தில் என் மனைவி சமையலறையில் விழுந்தாள். மூன்று எண்களை அழுத்தினேன். அவளுடைய செருப்பை நான் தேடி எடுப்பதற்குள் ஆம்புலன்ஸ் பையன்கள் வந்துவிட்டார்கள். நான் யார், என்னிடம் என்ன இருக்கிறது என்று ஒருத்தனும் கேட்கவில்லை. இப்போது அவள் வெளியே உட்கார்ந்து பட்டாணி உரித்தபடி, நான் வீட்டுக்கு வரத் தாமதமாகிறது என்று திட்டிக்கொண்டிருப்பாள். அந்தத் திட்டைக் கேட்கத்தான் போகிறேன். இந்த நாட்டுக்கு நன்றி சொல்ல எனக்கு ஆளில்லை, அதனால் உன்னிடம் சொல்கிறேன். நீயும் சீக்கிரம் வீட்டுக்குப் போ.

நோயாளி சம்பந்தமில்லாத பேச்சை டைப் அடிக்கக் கூடாது என்பது விதி. இலக்கியா கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். கிழவர் பொய் சொல்லவில்லை. அதுதான் எரிந்தது. பீற்றிக்கொண்டிருந்தால் மனசுக்குள் ஒரு வசவு வைத்துவிட்டு அடுத்த ஃபைலுக்குப் போயிருப்பாள். அந்த ஆள் உள்ளபடியே குழாய்த் தண்ணீருக்கு நன்றி சொல்கிறார். இங்கே போன வருஷம் ஆகஸ்ட் பதினைந்துக்கு இதே அறையில் ஆளுக்கொரு சாக்லேட்டும் சட்டையில் குத்திக்கொள்ளக் கொடியும் கொடுத்தார்கள். கொடியைக் குத்திக்கொண்டே பாத்ரூம் போவதற்கு ராஜவேலிடம் கை தூக்கினாள். அனுமதி கேட்காமல் அவள் வீட்டில் யார் என்ன செய்திருக்கிறார்கள்? அப்பா மேஸ்திரியைக் கேட்க வேண்டும், மேஸ்திரி முதலாளியைக் கேட்க வேண்டும். மழை வந்தால், விழுந்த புருஷனை மரத்தடியில் போட்டுவிட்டு உப்பை மூட ஓட வேண்டும்.

விழுந்த புருஷனை.

பெடலில் இருந்த கால் நின்றது. கிழவர் நின்றார். இலக்கியாவின் தலைக்குள் அம்மாவின் குரல் பின்னால் ஓடி, மறுபடி முதலிலிருந்து வந்தது. இந்த முறை அதில் கத்தல் இல்லை, மானம் இல்லை. பலகையைப் பிடித்தால் கையில் நிற்கவில்லை. கால் பின்னுகிறது. வாயில் எச்சில் ஒழுகுகிறது. ஒரு வார்த்தை தெளிவாக இல்லை. ஒற்றைக் கையில் ஓலையை இழுத்தார். எத்தனை நூறு தடவை இதே வரிசையில், இதே சொற்களை, இங்கிலீஷில் டைப் அடித்திருக்கிறாள். அம்மா சொல்லச் சொல்ல நின்று கேட்டுவிட்டு, கெடக்கட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறாள்.

எழுந்து போய் யாரையும் கேட்காமல் ராஜவேல் மேசை ஃபோனை எடுத்தாள். அவன் ஏதோ சொன்னான். காதில் விழவில்லை.

பாய் கடை என்பது பக்கீர் முஹம்மதுவின் எஸ்டிடி பூத். பூத்துக்குப் பின்னால் ஐஸ் கிடங்கு. மீன்காரர்களுக்கு ஐஸ் ஏற்றிப் போகும் வண்டி ஒன்று வைத்திருந்தார். அவர்தான் எடுத்தார்.

"பாய், நான் இலக்கியா. அப்பா எப்படி இருக்காரு?"

அவர் குரல் இறுகியிருந்தது. குடித்தவன் பக்கம் போகிற பழக்கம் அவருக்கு இல்லை. "கெடக்கறாரும்மா. கத்திக்கினே இருந்தாரு, இப்ப சத்தமில்ல. எழுப்பிப் பாக்கல."

"பாய், தயவு பண்ணி கிட்ட போங்க. சிரிக்கச் சொல்லுங்க அவர."

"சிரிக்கவா?"

"சிரிக்கச் சொல்லி மூஞ்சப் பாருங்க. அப்புறம் ரெண்டு கையும் மேல தூக்கச் சொல்லுங்க. ஃபோன வைக்காதீங்க, அப்படியே போட்டுட்டுப் போங்க."

ரிசீவர் மரப்பலகையில் மோதும் சத்தம். ரோட்டில் ஒரு பஸ் ஹாரன். தூரத்தில் பாயின் குரல், கலியா, டேய் கலியா, சிரிப்பா. யாரோ கேலியாக ஏதோ சொன்னார்கள், இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பாதியில் அறுந்தது. இலக்கியாவுக்கு அது போதும். பாய் ஓடி வந்தது செருப்புச் சத்தத்திலேயே தெரிந்தது.

"யம்மா. வாய் ஒரு பக்கமாத்தான் போவுது. கை ஒண்ணுதான் வருது. நான் கையப் புடிச்சித் தூக்கினா, வுட்டதும் தொப்புனு வுழுது. சாராய வாடையே இல்லம்மா, அல்லா சத்தியமா. கிட்ட போய்ப் பாக்காம வுட்டுட்டனே."

பூத்தைச் சுற்றி ஆள் சேர்ந்துவிட்டது கேட்டது. வாதம் அடிச்சிருக்குது, வைத்தியர் அப்பாவுகிட்ட தூக்கிக்கினு போங்க, புறா ரத்தம் தேய்ச்சா நரம்பு எழுந்துக்கும் என்று ஒருத்தர் சொன்னார். புறாவும் வாணாம் கிறாவும் வாணாம் என்று பாய் அதட்டினார். இலக்கியா சொன்னாள்: வண்டியில் படுக்கவைத்து நேராகப் பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாருங்கள், வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றாதீர்கள், அம்மாவைக் கூப்பிட ஆள் அனுப்புங்கள், நான் கேட்டில் நிற்கிறேன்.

வைத்ததும் ராஜவேல் முன்னால் வந்து நின்றான். கெட்டவன் இல்லை, வேலை போய்விடும் என்ற பயத்தில் பாதி உடம்பு வெந்தவன். ஃபைலெல்லாம் மதியத்துக்குள் போய்ச் சேர வேண்டும், பாதியில் எழுந்து போகிறவர்களுக்கு அமெரிக்க ஆபீஸிலிருந்து அனுமதி வர வேண்டும் என்றான். "மெயில் போட்டுட்டு வெயிட் பண்ணு இலக்கியா. ஆனா அங்க இண்டிபெண்டன்ஸ் டே. அப்ரூவ் பண்ண ஆள் இருக்காது."

அவள் அவனைப் பார்த்தாள். சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது, சிரித்தால் நிற்காது என்று தெரிந்தது. ஹெட்ஃபோனைச் சுருட்டி அவன் கையில் வைத்துவிட்டுப் படியிறங்கினாள். போனா போனதுதான் என்று பின்னால் அவன் சொன்னது கேட்டது. ரேணுகா சார், சார் என்று ஏதோ கெஞ்சியதும் கேட்டது.

ஆஸ்பத்திரி கேட்டில் நிற்பதைவிட நரகம் வேறில்லை. ஒவ்வொரு வண்டியும் பாய் வண்டி மாதிரியே வந்து வேறு வண்டியாகத் திரும்பியது. ஒருவேளை டீசல் இல்லையோ. கோட்டக்குப்பத்தில் ஜாம் ஆகிவிட்டதோ. அம்மாவை மேஸ்திரி விடவில்லையோ. கடைசியில் நினைத்ததுதான் நடந்திருந்தது. யாரைக் கேட்டுப் போற, அம்பாரத்த எவன் மூடுவான் என்று குழந்தைசாமி மறித்திருக்கிறார். திரௌபதி அவரைத் தள்ளிவிட்டு வரவில்லை. அப்படி வந்திருந்தால் கதையில் நன்றாக இருக்கும். மூடி முடித்துவிட்டுத்தான் வந்தாள். பாயும் வண்டியை ஸ்டார்ட்டில் வைத்துக்கொண்டு அவளுக்காகக் காத்திருந்தார். பெண்டாட்டி இல்லாமல் ஒருத்தனை எப்படி எடுத்துப்போவது என்று அவருக்கு ஒரு தயக்கம். இலக்கியா இதையெல்லாம் பிறகுதான் தெரிந்துகொண்டாள். தெரிந்து யார் கழுத்தைப் பிடிக்க?

வண்டியின் பின்கதவைத் திறந்ததும் குளிர்ந்த மீன் வாசனை. ஈரப் பலகைமேல் கலியன் படுத்திருந்தார். கால் முட்டி வரை உப்பு காய்ந்து வெள்ளையாகப் பூத்திருந்தது. ஒரு கண் அவளைப் பார்த்தது. வாய் கோணி, ஆ, ஆ என்று ஏதோ வந்தது. அம்மா அவர் தலையை மடியில் வைத்திருந்தாள். மகளைக் கண்டதும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "குடிச்சிருக்காருடி."

"இல்லம்மா. இது ஸ்ட்ரோக்கு. வாதம்."

"நீ கண்டியா? நான் கண்டேன். குடிச்சிருக்காரு. தெளிஞ்சிடும்."

உள்ளே டூட்டி டாக்டர் ஒரு பெண். இலக்கியாவைவிட நாலைந்து வயசு கூட இருக்கலாம். கண் சிவந்து, எத்தனை நேரமாகத் தூங்கவில்லையோ. ஸ்ட்ரெச்சரைப் பார்த்து என்ன என்று கேட்டதும் திரௌபதி முந்திக்கொண்டு கும்பிட்டாள். குடிச்சிட்டாருங்க தாயி, உப்பளத்துல வெயிலு, காலி வயிறு, வேற ஒண்ணும் இல்லீங்க. டாக்டர் பேனாவால் ஒரு மூலையைக் காட்டி, குடி கேஸா, அங்க ஓரமாப் படுக்க வைங்க என்றாள். அவ்வளவுதான். இரண்டு சொல்லில் கலியனைக் குப்பையில் போட்டாகிவிட்டது.

இலக்கியா ஸ்ட்ரெச்சரைப் பிடித்துக்கொண்டாள். அவள் வாயிலிருந்து இங்கிலீஷ் வந்தது. திடீரென்று வலப்பக்கம் பலவீனம், பேச்சுக் குழறல், முகம் ஒரு பக்கம் இறக்கம், நினைவு இருக்கிறது, மது அருந்தவில்லை. இருமல் டாக்டர் சொல்கிற அதே வரிசை, அதே இழுப்பு. அந்தப் பெண் தலை நிமிர்ந்தாள்.

"நீங்க நர்ஸா?"

"இல்ல. டைப் அடிக்கறவ. அவரப் பாருங்க."

டாக்டர் வந்து பார்த்தாள். கண்ணில் டார்ச் அடித்தாள், உள்ளங்காலில் சாவியால் கீறினாள். அவள் முகத்தில் தூக்கம் போய்விட்டதை இலக்கியா கவனித்தாள். பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டாள். எல்லா டாக்டரும் கேட்கிற கேள்வி. கடைசியாக எப்போது நல்லா இருந்தார்?

இலக்கியா அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"சொல்லும்மா. ரத்தக் கட்டிய கரைக்க ஒரு மருந்து இருக்குது. சீக்கிரம் வந்தவங்களுக்குத்தான் போடுவாங்க. எப்ப ஆரம்பிச்சிதுன்னு சொன்னாத்தான் போட முடியும். மேகம் வந்தப்பவா? அதுக்கு முன்னாலயா?"

திரௌபதி சுவரைப் பார்த்தாள். உதடு மட்டும் அசைந்தது. "விடியக்காலையில கூழு கொடுத்தேன். எடது கையில வாங்கினாரு. பீச்சாங்கையில இன்னா எழவு சோறுன்னு திட்டினேன்."

இலக்கியாவும் அதைக் கேட்டிருந்தாள். முதல் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று துப்பட்டாவுக்குப் பின் குத்திக்கொண்டிருந்தபோது அடுப்படியில் கேட்ட திட்டு. தினம் ஒரு திட்டு. இன்றைக்கு எதற்கு என்று எட்டிப் பார்க்கவில்லை. இடது கையில் கூழை வாங்கிக் குடித்துவிட்டு, வலது கை போன விஷயத்தை யாரிடமும் சொல்லாமல், சொல்ல வாய் வராமல், அந்த மனிதன் உப்பளம் வரைக்கும் நடந்திருக்கிறார். பலகையைப் பிடித்திருக்கிறார். கைதட்டிச் சிரித்தவர்களுக்கு நடுவில் ஓலையை இழுத்திருக்கிறார்.

டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையிருக்கவில்லை. நேரம் போயிடுச்சும்மா என்றாள், அதிர்ந்து பேசாமல். "சீக்கிரம் வந்திருந்தாலும் அந்த மருந்து இங்க இல்ல. நீங்க சொல்றது எல்லாம் அங்க நடக்கறது. ஸ்கேன் எடுப்போம். ரத்தக் கசிவு இல்லன்னா இருக்கறதக் கொடுப்போம். பாக்கலாம்."

பாக்கலாம். மூன்று எண்ணை அழுத்தியவர் பட்டாணி உரிக்கிறவளிடம் திட்டு வாங்க வீட்டுக்குப் போயிருப்பார் இந்நேரம். போகட்டும். அவர் நன்றி சொன்னது நியாயம். அவர் பெண்டாட்டிமேல் இலக்கியாவுக்கு ஒரு கோபமும் இல்லை. அந்த மூன்று எண்கள் தன் அப்பனுக்கு ஏன் இல்லை என்று மட்டும் யாராவது ஒருத்தர் முகத்துக்கு நேரே பதில் சொன்னால் போதும். ஆள்தான் கிடைக்கவில்லை. எதிரில் நின்ற டாக்டரை அறையலாம் என்றால் அவள் தானே ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையைப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

ஸ்கேன் அறை வாசலில் இவர்களுக்கு முன்னால் வரிசை இருந்தது. டாக்டர் போய்ப் பேசிவிட்டு வந்து, அடுத்ததுக்கு அடுத்தது நீங்கதான் என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் ஓடினாள். பக்கீர் முஹம்மது தள்ளி நின்று தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டிருந்தார். வண்டியில் மீதி ஐஸ் உருகிக்கொண்டிருக்கும். அவர் போகவில்லை, போகட்டுமா என்றும் கேட்கவில்லை. வெளியே மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் அது விழுந்த வேகத்துக்கு, மரக்காணத்திலும் பெய்துகொண்டிருக்கும் என்று தோன்றியது.

கலியன் இடது கையால் எதையோ தேடினார். இலக்கியா தன் விரல்களைக் கொடுத்தாள். பிடித்துக்கொண்டார். பிடி பலமாகத்தான் இருந்தது. ஆ, ஆ என்றார். அவர் கன்னத்தில் ஒரு பக்கமாக வழிந்ததைத் துடைத்தாள்.

"இலக்கியா." அம்மாவின் குரல் முதல் முறையாக மெதுவாக வந்தது. ஃபோனில் கத்திய அதே தொண்டையா என்றிருந்தது. "அந்த டாக்டரம்மா நீ சொன்னத நம்பிட்டாங்க. நீ இங்கிலீஷ்ல சொன்ன, நம்பிட்டாங்க. போய் மாத்திச் சொல்லுடி. எங்கப்பா குடிப்பாருங்க, கயிற அறுத்துட்டாரு, மறுபடி ஆரம்பிச்சிட்டாருன்னு சொல்லு. நீ சொன்னா எழுதிக்குவாங்க."

"சொன்னா சரியாயிடுமாம்மா?"

"குடிச்சா காலையில எழுந்திருச்சிடுவாரு. இருபது வருசம் பாத்திருக்கேன். ஒரு நாளு கூட எழுந்திருக்காம இருந்தது இல்ல." அவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்தாள். "குடிக்கட்டும். இனிமே நான் ஒரு வார்த்த கேக்க மாட்டேன். தினம் குடிக்கட்டும்."

அவள் எழுந்தாள். ஸ்ட்ரெச்சரின் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, கலியனின் கோணிய வாய்க்கு அருகில் முகத்தைக் கொண்டுபோனாள். கண்ணை மூடிக்கொண்டு மூச்சை உள்ளே இழுத்தாள். நிமிர்ந்தாள். திருப்தியில்லாதவள்போல மறுபடி குனிந்து, மூக்கு அவர் உதட்டில் படும் அளவுக்கு இன்னும் கிட்டே போய், நீளமாக மோந்து பார்த்தாள்.

"எனக்கு மழையில மூக்கு அடைச்சிக்கினு இருக்குது," என்றாள். "நீ பாருடி. வாட வருதா பாரு."

இலக்கியா குனிந்தாள். ஸ்கேன் அறையின் கதவு திறந்து யாரோ பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் நிமிரவில்லை. அப்பாவின் மூச்சு அவள் முகத்தில் சூடாகப் பட்டது, போனது, திரும்பப் பட்டது. அவள் அதை உள்ளே இழுத்து, அப்படியே நிறுத்தி வைத்துக்கொண்டாள்.